இரண்டாவது பொட்டலம்

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். கத்துவார், சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார், அரை மணி நேரம் கழித்து "காப்பி இருக்குதா அம்மிணி?" என்று கதவோரம் வந்து நிற்பார். அது மனுஷக் கோபம். வரும், போகும். இவருக்குக் கோபம் வந்தால் வந்தது யாருக்கும் தெரியாது. அதனால் அது போய்விட்டதா, இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதும் தெரியாது.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற வழியில், கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு வரிசைக் கடைகள். அதில் ஒன்று என் தையல் கடை. பக்கத்துக் கடை அவருடைய கோழித் தீவனக் கடை. நடுவில் ஒரு தகரத் தட்டிதான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் முணுமுணுத்தால் அவருக்குக் கேட்கும். ஊரே அவரை மாமா என்று கூப்பிட்டது, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க சாமி' என்பார்.

தீவன மூட்டையின் வாயை நூல் போட்டுத் தைத்திருப்பார்கள். மற்றவர்கள் கத்தியை எடுத்து ஒரே கிழி. அவர் கத்தியைத் தொடமாட்டார். எந்த முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுக்க ஒரே இழுப்பில் கழன்று வரும் என்று மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தப்பான முனையை இழுத்தால் முடிச்சு இறுகிக்கொள்ளும். தையல்காரி எனக்கே அது தப்பும். அவருக்கு ஒருநாளும் தப்பியதில்லை. வாசலில் நாலு பேர் காத்திருந்தாலும் அவசரப்படமாட்டார். "இருங்க சாமி, அதுவா வரும்" என்பார். வரும். அந்த நூலை விரலில் சுற்றி ஆணியில் மாட்டி வைப்பார்.

இன்னொரு பழக்கம், எதிலும் தன் கருத்தைச் சொல்லமாட்டார். பொண்ணு கொடுக்கலாமா, தறியை விற்கலாமா, ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போகலாமா என்று யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான்.

"நான் என்னத்தச் சொல்றதுங்க? சாமி சொல்லட்டும். பூ கேட்டுருங்க."

எங்கள் பக்கத்தில் பூ கேட்பது என்றால் எல்லோருக்கும் தெரியும். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வாழை இலையில் வெளியே தெரியாமல் மடித்து, நூல் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். மனசில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி. அது அங்கேயே கிடக்கும், மறுநாள் பண்டாரம் கூட்டித் தள்ளிவிடுவார். எங்கள் ஊர்க் காளியம்மன் கோயிலில் அந்தப் பொட்டலங்களைக் கட்டிக் கொடுப்பது பெரும்பாலும் இவர்தான். கை சுத்தம், மனசு சுத்தம் என்று ஊர் நம்பியது.

அவருக்கு ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. அதிர்ந்து பேசாது. என் கடைக்கு வந்தால் துண்டுத் துணிகளைப் பொறுக்கி நிறம் நிறமாக அடுக்கி வைத்துவிட்டுப் போகும். அந்தப் பிள்ளையைப் பாவாயி அக்கா தன் மகன் செந்திலுக்குக் கேட்டிருந்தது. பாவாயி அக்கா விதவை. சின்னதாக ஒரு முட்டைக்கோழிப் பண்ணையை ஒற்றை ஆளாக நடத்தி மகனை வளர்த்த பொம்பளை. செந்தில் ரிக் வண்டியில் வேலை, சத்தீஸ்கர் பக்கம் போர் போடப் போனால் மாசக்கணக்கில் திரும்பமாட்டான். பேச்சு முடிந்து, நிச்சயத்துக்கு ரவிக்கை தைக்கக்கூட என்னிடம் கொடுத்துவிட்டார்கள். மயில்கழுத்து நிறம். கைக்கு நான்தான் மணி வைத்துத் தைத்தேன்.

அப்புறம் பாவாயி அக்காவுக்கு வேறு பக்கம், தோட்டம் துரவோடு ஒரு சம்பந்தம் வருகிற மாதிரி தெரிந்தது. ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியது: "எங்க குலசாமி கோயல்ல பூ கேட்டமுங்க. செவப்பு வந்துருச்சு. நாங்க என்னங்க பண்றது?"

நான் தகரத் தட்டிக்கு இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். ஏதாவது திட்டுவார், கல்லாப்பெட்டியையாவது அடித்துச் சாத்துவார் என்று நினைத்தேன். "சாமி சொன்னாச் சரிதானுங்க" என்றார். வந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுத்தார். சாயங்காலம் என் கடைக்கு வந்து அந்த ரவிக்கையைக் கேட்டு வாங்கி, தையல்கூலியும் கொடுத்து, மடிப்புக் கலையாமல் எடுத்துப் போனார்.

பாவாயி அக்கா எதிர்பார்த்த சம்பந்தமும் வரவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வந்த பெயர் போகவில்லை. பூ செவந்த புள்ள. மாப்பிள்ளை வீட்டார் யார் வந்தாலும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே யாராவது காதில் ஓதிவிடுவார்கள். கடைசியில் ஆத்தூர் பக்கம் ஒரு ஆளுக்கு இரண்டாம் தாரமாகப் போனது. அவனுக்கும் அதற்கும் அப்பா மகள் வயசு வித்தியாசம். தாலி கட்டி வேனில் ஏறும்போது அழக்கூட இல்லை அந்தப் பிள்ளை. அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. "புள்ள நல்லா இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டால், "இருக்குதுங்க" என்பார். அவ்வளவுதான்.

எங்கள் வரிசையில் ஒரு டீக்கடைக்காரன் இருந்தான், வாய்க்கொழுப்பு பிடித்தவன். கல்யாணத்துக்கு முன்னாடி ஒருநாள் எல்லோரும் இருக்கும்போதே, "ஏனுங் மாமா, செவந்த பூவுக்குத் தனி வெலைங்களா?" என்று கேட்டுவிட்டான். நாலு பேர் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்த வாரத்திலிருந்து தீவன லோடு கொண்டுவரும் லாரிக்காரர்களை எல்லாம் அவன் கடைக்கே அனுப்பினார். கூட்டம் சேர்ந்தது. அவன் பரோட்டா போட்டான், பெரிய கொட்டகை போட்டான், மச்சினனை வரவழைத்து வைத்துக்கொண்டான். "எல்லாம் மாமா புண்ணியமுங்க" என்று அவனே என்னிடம் சொன்னான். எல்லாம் நன்றாக வளர்ந்து நின்றபோது, ஒரு திங்கட்கிழமை இவர் லோடு இறக்குகிற இடத்தை பைபாஸ் பக்கம் மாற்றிவிட்டார். லாரிகள் நின்றன. ஆடிக்குள் அவன் கடையைக் காலி செய்தான். பெஞ்சுகளை டெம்போவில் ஏற்ற ஒரு பக்கம் பிடித்தவர் யார் தெரியுமா? இவர்தான். "பாத்துப் புடிங்க சாமி, கால்ல விழுந்துரும்" என்று சொல்லிச் சொல்லி ஏற்றினார்.

அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தற்செயல் என்றுதான் நினைத்தேன்.

பாவாயி அக்கா வீட்டோடு அவர் பகை பாராட்டவில்லை. மகள் கல்யாணம் முடிந்த கையோடு முதல் ஆளாகப் போய் அவர்கள் பண்ணைத் தகரத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார். கோழிக்குச் சளி பிடித்தால் மருந்து வாங்கி வருவார். செந்திலுக்கு எடப்பாடியில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண் கவிதாவைப் பார்த்தபோது, இவர்தான் பூ கட்டிக் கொடுத்தார். வெள்ளை வந்தது. பாவாயி அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உங்க மனசு ஆருக்கு வருமுங்கண்ணா" என்றது. குறுகுறுக்கிற நெஞ்சுக்கு அதைவிட நல்ல மருந்து வேறென்ன?

அதற்கப்புறம் அந்த வீட்டில் பூ கேட்காமல் ஒரு துரும்பும் அசையவில்லை. போர் போட இடம் பார்த்தார்கள், வெள்ளை வந்த இடத்தில் தண்ணீர் பீறிட்டது. பழைய கோழியைத் தள்ளிவிடலாமா என்று கேட்டார்கள், வெள்ளை வந்தது, விற்ற மறுவாரமே விலை விழுந்தது. ஒரு ரிக் முதலாளி செந்திலைக் கூப்பிட்டார், சிவப்பு வந்தது, அவன் போகவில்லை, போன ஆட்கள் சம்பளம் வராமல் ரயில் ஏறித் திரும்பினார்கள். "பூ தப்பாது" என்பது பாவாயி அக்கா வாயில் ஓயாத பேச்சானது. தீவன வியாபாரிக்குக் கோழி விலை முன்கூட்டியே தெரியும். ரிக் வண்டிக்காரர்கள் எல்லோரும் அவர் கடையில்தான் உட்கார்ந்து கதை பேசுவார்கள். எந்தப் பூ வர வேண்டும் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. இதெல்லாம் எனக்கு எப்போது விளங்கியது? எல்லாம் முடிந்தபிறகு.

கவிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய் ஓயாத பிள்ளை. என் கடைக்கு வந்தால் மிஷின் சத்தத்தை மீறிப் பேசும், எடப்பாடித் தறிச் சத்தத்தில் வளர்ந்த குரல். செந்திலோடு வீடியோவில் பேசும்போது போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அக்கா, இவரு இளைச்சுட்டாரு பாருங்க" என்று சண்டைக்கு இழுக்கும். வயிற்றில் பிள்ளை தங்கியதும் ரவிக்கையெல்லாம் பிடிக்கவில்லை என்று வந்து நின்று, "உங்களுக்கு நல்ல வருமானமுங்க்கா என்னால" என்று சிரித்தது. அதை எனக்குப் பிடிக்கும். சொந்தத் தங்கச்சி மாதிரி என்று சொல்ல மாட்டேன், என் சொந்தத் தங்கச்சியோடு எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. அதைவிட மேலாகத்தான் பிடிக்கும்.

ஒன்பதாவது மாசம் காலும் முகமும் வீங்கிவிட்டது. தலைவலி என்றது. கண்ணில் பூச்சி பறக்கிறது என்றது. ஊர் நர்ஸம்மா வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்கள். "இன்னைக்கே பெரியாசுபத்திரியில சேர்த்துருங்க. ஆபரேசன் பண்ணிக் கொழந்தைய எடுத்தாத்தான் ரெண்டு உசுரும் தங்கும். நாளைக்குன்னு சொல்லாதீங்க" என்று பாவாயி அக்காவிடம் நேராகவே சொன்னார்கள்.

பாவாயி அக்கா கவிதாவைக் கூட்டிக்கொண்டு எங்கே வந்தது? தீவனக் கடைக்கு.

"இப்பெல்லாம் போனொடனே வயித்தக் கிழிச்சுப்போடறாங்கண்ணா. எனக்கெல்லாம் பண்ணையிலயே வலி வந்து பொறந்தவன்தானுங்க செந்திலு. என்னங்க பண்றது?"

நான் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். "அக்கா, இதையெல்லாம் இவருகிட்ட என்னத்துக்குக் கேக்கறீங்க? வண்டி புடிங்க, போலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "அம்மிணி சொல்றதும் நாயந்தானுங்க. நர்ஸம்மாவும் நல்லதுக்குத்தான் சொல்லுவாங்க. நான் என்னத்தச் சொல்றது? ரெண்டு உசுருக் காரியம். சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சா மனசு நிம்மதியா இருக்கும். நாளைக்கு வெள்ளிக்கெழமைதானுங்களே."

அடப்பாவி, அந்த நாளைக்கு என்ற வார்த்தையை எவ்வளவு பதமாக வைத்தார்! நான் கத்தினேன். பாவாயி அக்காவை மடச்சி என்றுகூடச் சொன்னேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் கவிதாவின் கையைப் பிடித்து, "நீ வா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அந்தப் பிள்ளை அத்தையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. போனை எடுத்து செந்திலைக் கூப்பிட்டது. அவன் இரைச்சலுக்கு நடுவிலிருந்து, "அம்மா சொல்றாப்பல பூ கேட்டுரலாம் கவி. நம்மூட்டுல பூ என்னைக்காச்சும் தப்பிருக்குதா?" என்றான். அவனை நான் குறை சொல்லவில்லை. அவன் கண்ணால் கண்டதெல்லாம் அப்படித்தான் நடந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பூ வைத்தார்கள். வெள்ளை வந்தால் உடனே ஆஸ்பத்திரி, சிவப்பு வந்தால் வலி வரும்வரை பொறுப்பது. நான் போகவில்லை. கோபத்தில் மிஷினை மிதித்துக்கொண்டு கிடந்தேன். திரும்பும் வழியில் கவிதா மட்டும் என் கடைப்படியில் நின்றது.

"செவப்புங்க்கா."

"நீ என்ன சொல்ற?"

"எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா தப்புனதில்லையேக்கா" என்றது. என்னைச் சமாதானம் செய்கிற மாதிரி சிரித்தது. அதுதான் அது என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

நர்ஸம்மாவுக்கு நான்தான் போன் போட்டேன். அவர்கள் மத்தியானம் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். பாவாயி அக்கா சாயங்காலம் கிளம்புகிறோம் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டது. சாயங்காலம் கவிதாவுக்கு ஜன்னி வந்து கையும் காலும் வெட்டி இழுத்தது. அலறல் கேட்டு நான் ஓடினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் எடுத்தேன். அவர் தன் வேனோடு அதற்குள் வந்து நின்றுவிட்டார். "அது வந்து சேர்றதுக்குள்ள நாம போயிரலாமுங்க, ஏத்துங்க" என்றார். அந்த நேரத்தில் கண்முன்னே நிற்கிற வண்டியை யார் வேண்டாம் என்பார்கள்?

கவிதாவின் தலை என் மடியில். பாவாயி அக்கா காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் ஓட்டினார். எப்படி ஓட்டினார் என்று நான் சொல்கிறேன், கேளுங்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் நிறுத்தி, கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி ஏறி இறங்கினார். சாலையில் கிடந்த ஆட்டுக்குட்டிக்கு ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருந்தார். "வேகமாப் போங்க மாமா!" என்று நான் பின்னாலிருந்து அவர் தோளில் குத்தினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "வயித்துப்புள்ளக்காரி அம்மிணி. குலுங்கக் கூடாது" என்றார். மூச்சு அடங்கியதை என் மடிதான் முதலில் அறிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தவர்கள் குழந்தையையாவது எடுக்கலாமா என்று பார்த்தார்கள். அதுவும் போய்விட்டிருந்தது.

ஊரில் சாவு விழுந்ததால் கோயில் நடை சாத்திவிட்டார்கள், பண்டாரம் கூட்டிப் பெருக்க வரவில்லை. எடுத்து அடக்கம் எல்லாம் முடிந்த மறுநாள் நான் அங்கே போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னாய் என்று அம்மனை நாலு வார்த்தை கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது. கம்பிக் கதவுக்கு உள்ளே, கை எட்டுகிற தூரத்தில், அந்த எடுக்காத பொட்டலம் கிடந்தது. பிரிக்கக் கூடாதுதான். பிரித்தேன்.

சிவப்பு.

அம்மனைத் திட்ட வந்தவள் அந்த இலையை மடித்து எடுத்துக்கொண்டேன். பாவம், அவளையும் அல்லவா வாயைக் கட்டிப்போட்டிருக்கிறான் மனுஷன்.

நேராகத் தீவனக் கடைக்குப் போய் அந்த இலையை அவர் முன்னால் விரித்தேன். அவர் ஒரு மூட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க மாமா இது?"

"பூவுங்க."

"ரெண்டும் செவப்பா?"

அவர் முனையைக் கண்டுபிடித்து, நூலை இழுத்து முடித்து, விரலில் சுற்றிக்கொண்டார். "ஒக்காருங்க அம்மிணி."

"நான் ஒக்கார வரல. ரெண்டும் செவப்பான்னு கேக்கறேன்."

"எம்புள்ளைக்குப் பூ கேட்டதாச் சொல்லி அனுப்புனாங்க இல்லீங்களா, அப்ப நான் அவங்க குலசாமி கோயலுக்குப் போனனுங்க. சாமி எதுக்கு வேண்டாம்னுச்சுன்னு தெரிஞ்சுட்டு வரலாம்னு. அந்தப் பண்டாரம் சொன்னாரு, பொங்கல் போனதுல இருந்து இங்க ஆரும் பூ வெக்கலையேன்னு." குரலில் ஒரு மேடு பள்ளம் இல்லை. "எம்புள்ளைக்கு அவங்க ஒரு பொட்டலங்கூட வெக்கலீங்க. நானாவது ரெண்டு வெச்சேன்."

"கவிதா உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு? அது அப்ப இந்த ஊருக்கே வரலையே! வயித்துல இருந்தது என்ன பண்ணுச்சு?"

"எம்புள்ள என்னங்க பண்ணுச்சு?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரிந்திருக்கும், சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்பதுபோல் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அதற்குள் ஒரு பண்ணைக்காரர் வண்டியை நிறுத்தினார். "வாங்க சாமி, முட்டைக்கோழித் தீவனமுங்களா?" என்று எழுந்து போய்விட்டார். மயில்கழுத்து ரவிக்கையோடு நின்ற அந்தப் பிள்ளை ஒரு நிமிஷம் என் கண்முன் வந்ததை மறைக்கமாட்டேன். வயிறு எரிந்தது. ஆனால் அந்த எரிச்சலை வைத்து இதை அளக்க என்னால் முடியவில்லை.

செந்தில் வந்திருந்தான். தாடியும் சிவந்த கண்ணுமாகக் கட்டிலில் சுருண்டு கிடந்தான். நான் ஒளிவு மறைவு பார்க்கவில்லை. பாவாயி அக்காவையும் உட்காரவைத்துக்கொண்டு, இலையை நடுவில் போட்டு, கண்டது, கேட்டது, அவர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அக்காவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அதற்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னைவிட நன்றாகப் புரிந்தது.

செந்தில் வாடிய பூவைப் புரட்டிப் பார்த்தான். "வெள்ளைப் பூவும் வாடுனா இப்பிடித்தானுங்க்கா கறுக்கும்" என்றான். அப்புறம் தாயின் பக்கம் திரும்பினான். "அம்மா, நீயே சொல்லு. அன்னைக்கு மாமா புள்ளைக்கு நீ பூ கேட்டியா இல்லையா?"

ஒரு வார்த்தை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் மருமகளையும் பேரப்பிள்ளையையும் காவு கொடுத்தது எந்தப் பொய் என்பதும் மகனுக்குத் தெரிந்துவிடும். பாவாயி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தது.

"கேட்டஞ்சாமி" என்றது. "செவப்புத்தான் வந்துச்சு."

செந்தில் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். "போயிருங்கக்கா. செத்தவளை வெச்சு ஊர்ச் சண்டை வேண்டாம். எங்களுக்குன்னு இருக்கறது அவரு ஒருத்தருதான்." ஆஸ்பத்திரியிலிருந்து விசாரிக்க வந்தவர்களிடமும் நான் சொன்னேன். ஏன் தாமதம் என்று வீட்டில் கேட்டார்கள். வண்டி கிடைக்கவில்லை என்று தாயும் மகனும் ஒரே மாதிரி சொல்லிவிட்டார்கள். பாவாயி அக்கா இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. எதிரே வந்தால் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சாலையைக் கடந்துவிடும். நான் கடையை மாற்றிக்கொண்டேன். தகரத் தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு கேட்கிற இடத்தில் என்னால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

வருஷம் திரும்பியதும் செந்திலுக்கு மறுபடி பெண் பார்த்தார்கள். அயோத்தியாப்பட்டணத்துப் பெண், சௌமியா. பூ கட்டிக் கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை வந்ததாம். கல்யாணத்தில் பந்தி விசாரித்ததும் அவர்தானாம்.

போன வாரம் சௌமியா என் புதுக் கடைக்கு வந்தது. சின்னப் பிள்ளை, கன்னத்தில் பரு இன்னும் ஆறவில்லை. ரவிக்கையை மேஜைமேல் வைத்து, "ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிரிச்சு விடணும்க்கா" என்று வெட்கப்பட்டது. எந்த ஆஸ்பத்திரியில் பார்ப்பது என்று கேட்டேன். "இன்னும் முடிவு பண்ணலக்கா. வர்ற வெள்ளிக்கிழமை பூ கேக்குறாங்க" என்றது.

நான் கதவைச் சாத்தினேன். அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். கவிதா என் மடியில் கிடந்ததைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. "கண்ணு, பூ கேக்கட்டும், வேண்டாங்கல. ஆனா ரெண்டு பொட்டலத்தையும் பிரிச்சுப் பாரு. இல்லைன்னா உங்கப்பனுக்குப் போன் போட்டு வரச்சொல்லி அயோத்தியாப்பட்டணத்துக்கே போயிரு. எங்கையப் புடிச்சுச் சத்தியம் பண்ணு" என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை.

சௌமியா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டது. அப்புறம் என் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தது.

"அழுவாதீங்கக்கா. தீவனக்கடை மாமா முன்னாடியே எல்லாம் சொல்லியிருக்காரு. டெய்லரக்கா மாதிரி ஒரு நல்ல மனசு இந்த ஊர்லயே கெடையாது, கவிதாக்கா அவங்க மடியிலதான் உசுர விட்டுது, அதுல இருந்து பாவம் அவங்களுக்கு நெலை தடுமாறிப் போச்சு, என்ன சொன்னாலும் எதுத்துப் பேசாம கேட்டுக்க, அதுதான் அவங்களுக்கு ஆறுதல்னு. அவருதான் உங்ககிட்டயே தைக்கக் குடுன்னு கூட்டிட்டு வந்தாரு."

அது சொன்னபடிதான் செய்திருக்கிறது. அவ்வளவு நேரமும் என்னைப் பாவமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது எழுந்து கதவைத் திறந்தது. வெளியே வெயிலில் வேன் நின்றது. அவர் இறங்கி வந்து எனக்கு ஒரு கும்பிடு போட்டார், வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"பாத்து ஏறுங்க சாமி" என்றார் அந்தப் பிள்ளையிடம். "அவசரம் ஒண்ணுமில்ல."